சிலப்பதிகாரத்தின் துன்பியல் தலைவன் கோவலனா, நெடுஞ்செழியனா?

மாறன்குடி (தொடக்கப் பதிவு)

நண்பர்களுக்கு வணக்கம். சிலப்பதிகாரத்தின் துன்பியல் தலைவன் யார் என்று கேட்டால் பெரும்பாலோர் தயங்காமல் கோவலனைச் சொல்வர். பட்டிமன்ற மேடைகளிலும் கோவலன் கொலைக்குக் காரணம் ஊழா, மாதவியா, பொற்கொல்லனா என்றுதான் வாதம் நடக்கிறது. அந்த வாதத்தில் பாண்டியன் ஒரு சாட்சியாகவோ குற்றவாளியாகவோ வந்து போகிறானே தவிர, அவனுடைய வீழ்ச்சியைத் தனித்து எடுத்துப் பேசுவோர் குறைவு. இந்தக் காப்பியத்தில் துன்பியல் தலைவன் என்ற பெயருக்கு முழுத் தகுதி உடையவன் பாண்டியன் நெடுஞ்செழியன்தான் என்பது என் கருத்து. அதை இங்கே வாதத்துக்கு வைக்கிறேன்.

முதலில், காப்பியத்தின் உட்பிரிவுகளில் ஒன்றான கொலைக்களக் காதையை மெதுவாகப் படிக்க வேண்டுகிறேன். அரசன் ஆடல் மகளிரின் கூத்தையும் பாட்டையும் கண்டு மகிழ்ந்திருக்கிறான். அவை அவன் உள்ளத்தைக் கவர்ந்துவிட்டன என்று ஊடிய கோப்பெருந்தேவி, அந்த ஊடலை மறைத்துத் தலைநோய் என்று சொல்லி எழுந்து போய்விடுகிறாள். அவளைத் தேற்றுவதற்காக அரசன் 'மந்திரச் சுற்றம் நீங்கி', பணிப்பெண்கள் உடன்வர அவளுடைய அரண்மனையை நோக்கி நடக்கிறான். அந்த வாயிலில்தான் பொற்கொல்லன் அவன் காலில் விழுகிறான். கன்னக்கோலும் கவைக்கோலும் இல்லாமல் மந்திரத்தையே துணையாகக் கொண்டு, காவலரை மயக்கித் துயில வைத்து, அரண்மனைச் சிலம்பைத் திருடிய கள்வன் தன் சிறுகுடிலில் இருக்கிறான் என்கிறான்.

இளங்கோவடிகள் இந்த இடத்தைத் தேர்ந்துகொண்டதில் எவ்வளவு கருத்து இருக்கிறது என்பதை எண்ணிப் பாருங்கள். வழக்கு அரசவைக்கு வரவில்லை. அமைச்சர் இல்லாத ஓரிடத்தில், மனைவியின் ஊடலைத் தணிக்க வேண்டும் என்ற நினைப்பு மட்டுமே நெஞ்சை நிறைத்திருந்த நேரத்தில் வந்தது. காணாமற்போன சிலம்போ அந்த மனைவியின் சிலம்பு. கள்வன் கையில் அது இருந்தால் 'கொன்றச் சிலம்பு கொணர்க ஈங்கென' அவன் ஆணையிட்டது அந்தக் கணத்தில். கொடியவன் ஒருவன் செய்த கொலையாக இருந்தால் நமக்குச் சினம் மட்டுமே வரும். நல்லரசன் ஒருவன், இல்லற அன்பின் வழியே நடந்துபோய்க்கொண்டிருந்தபோது, அரை நொடி அரசனாக இருக்க மறந்தான். அதற்கு விலையாக ஓர் உயிரும், பிறகு தன் உயிரும், தேவியின் உயிரும், தலைநகரமும் போயின. இதைவிடத் துன்பியல் வேறென்ன வேண்டும்?

காவிரிக்கரை

மாறன்குடி அவர்களின் பதிவை மதிப்போடு படித்தேன். ஆயினும் உடன்பட இயலவில்லை. துன்பியலின் கனம், விழுந்தவன் எவ்வளவு உயரத்திலிருந்து விழுந்தான் என்பதில் மட்டும் இருப்பதாக நீங்கள் எண்ணுகிறீர்கள் என்று தோன்றுகிறது. கோவலனும் எளிய மனிதன் அல்லன். அடைக்கலக் காதையில் மாடலன் என்னும் மறையவன் அவனைப் பற்றிச் சொல்வதை நினைத்துப் பாருங்கள். மதயானையின் கையிலிருந்து முதிய அந்தணன் ஒருவனை மீட்டவன் என்பதால் 'கருணை மறவன்'; கணவனால் கைவிடப்பட்ட பார்ப்பனப் பெண்ணுக்கு வாழ்வளித்தவன் என்பதால் 'செல்லாச் செல்வன்'. இப்படிப்பட்டவன் மாதவியிடம் சென்று பொருளெல்லாம் தொலைத்தான், பிறகு திருந்தினான், திருந்திய பின்னர் கொலையுண்டான்.

தன்னை அறிதல் என்பதும் அவனிடம் இருக்கிறது. இடைச்சேரியில் கண்ணகி சமைத்துப் பரிமாறிய உணவை உண்டபின், 'சிறுமுதுக் குறைவிக்குச் சிறுமையுஞ் செய்தேன்' என்று அவன் மனைவியிடம் சொல்லும் சொற்களைக் கல்நெஞ்சமும் தாங்காது. அதைச் சொல்லிவிட்டு, ஒற்றைச் சிலம்பை எடுத்துக்கொண்டு கடைத்தெருவுக்குப் போனவன் திரும்பவில்லை. அரசனுக்குப் பேச வாய்ப்புக் கிடைத்தது. கோவலனுக்குக் கொலைக்களத்தில் ஒரு சொல்கூட இல்லை. காப்பியமே அவனுக்குப் பேச்சுத் தராமல் விட்டிருக்கிறது என்பதுதான் என்னை மிகவும் வருத்துவது.

மாறன்குடி

காவிரிக்கரை அவர்கள் கடைசியாகச் சொன்னது மிகச் சரி. அந்த மௌனத்தைக் காப்பியம் மறக்கவில்லை என்று நான் நம்புகிறேன். அதைப் பற்றிப் பின்னர் எழுதுகிறேன். இப்போது ஒன்று மட்டும். கோவலன் புகாரில் செய்த பிழைக்கும் மதுரையில் அவனுக்கு நேர்ந்த சாவுக்கும் இடையில் காரணகாரியத் தொடர்பு மெல்லியது. கணிகையரிடம் போனவர்கள் எல்லாரும் வாளால் வெட்டுண்டு சாகவில்லை. அவன் திருந்தியதும் உண்மை, அவன் கொலையுண்டதும் உண்மை. ஆனால் ஒன்று மற்றொன்றிலிருந்து பிறக்கவில்லை. அவன் பெருந்துன்பத்துக்கு ஆளானவன், நம் கண்ணீர் முழுவதற்கும் உரியவன். நெடுஞ்செழியனின் சாவோ அவன் வாயிலிருந்து வந்த ஒரே ஒரு சொற்றொடரிலிருந்து நேராகப் பிறந்தது. தன் செயலே தன்னைத் தேடிவந்து நிற்பதைக் கண்டவன் அவன் ஒருவனே.

பொதிகைச்சாரல்

இருவருமே ஒன்றை விட்டுவிட்டீர்கள். காப்பியத்தின் முன்னுரைப் பாட்டான பதிகம் மூன்று உண்மைகளைச் சொல்கிறது: அரைசியல் பிழைத்தோர்க்கு அறம் கூற்றாவதும், உரைசால் பத்தினியை உயர்ந்தோர் ஏத்தலும், ஊழ்வினை உருத்துவந்து ஊட்டும் என்பதும். மூன்றாவதை முழுமையாக ஏற்றுக்கொண்டால் நெடுஞ்செழியன் ஒரு கருவி மட்டுமே ஆகிறான்.

மதுரையின் காவல் தெய்வமான மதுராபதி கண்ணகிக்குச் சொல்லும் முற்பிறப்புக் கதை இதுதான். கலிங்க நாட்டில் சிங்கபுரத்தை ஆண்ட வசு என்பவனும், கபிலபுரத்தை ஆண்ட குமரன் என்பவனும் பகைவர்கள். சிங்கபுரத்தில் அணிகலன் விற்க வந்த சங்கமன் என்னும் வணிகனைப் பகைவரின் ஒற்றன் என்று அரசனிடம் காட்டிக்கொடுத்துக் கொல்வித்தவன் பரதன். அந்தப் பரதனே கோவலனாகப் பிறந்தான். சங்கமன் மனைவி நீலியின் சாபமே இப்பிறப்பில் விளைந்தது. அப்படியானால் பாண்டியன் எந்தச் சொல்லைச் சொல்லியிருந்தாலும் கோவலன் அன்று செத்திருப்பான். ஆணையிட்ட இடத்திலேயே அடிகள் 'வினைவிளை காலம் ஆதலின்' என்று முன்னுரைத்துவிட்டார். பழைய உரைமரபிலும், கொல்வதற்காகக் கொண்டுவருக என்று சொல்லக் கருதியவன் கொன்று கொண்டுவருக என்று சொல்லிவிட்டான், ஊழ் அவன் நாவைத் திருப்பியது என்றொரு விளக்கம் உண்டு. நாவே தன்னுடையது அல்லாதபோது பிழை எப்படி அவனுடையது ஆகும்? பிழை இல்லாத இடத்தில் துன்பியல் தலைவன் எப்படி உருவாவான்?

கூடல்வாசி

ஊழைச் சொல்லி அரசனை விடுவிக்கும் வாதத்தை என்னால் ஏற்க முடியவில்லை. பொதிகைச்சாரல் ஐயா சுட்டிய அதே வரியை முழுதாகப் பாருங்கள்: 'வினைவிளை காலம் ஆதலின் யாவதும் சினையலர் வேம்பன் தேரா னாகி'. ஊழும் தேராமையும் (ஆராயாமையும்) ஒரே தொடரில் அடுத்தடுத்து நிற்கின்றன. கண்ணகி அவைக்குள் வந்து சொன்ன முதற்சொல் 'தேரா மன்னா' என்பது. 'ஊழ்வினை துரப்ப' மதுரைக்கு வந்ததாகச் சொன்னாளே தவிர, கொலைக்கு ஊழை அவள் காரணமாகக் காட்டவில்லை. கணவனை இழந்த ஒருத்தி, ஆராயாமல் தண்டித்தவனிடம் கேட்க வேண்டியதைத்தான் கேட்டாள். 'ஓர்ந்துகண் ணோடாது இறைபுரிந்து யார்மாட்டும் தேர்ந்துசெய் வஃதே முறை' என்று செங்கோன்மை அதிகாரத்தின் முதற்குறள் சொல்வதும் அதுவே.

ஆராய்வதற்கு இடமே இல்லாமல் போய்விடவும் இல்லை. காவலர் கோவலனைக் கண்டபோது, இவன் கொலைப்படும் மகன் அல்லன் என்று சொல்லித் தயங்கினர். அந்தத் தயக்கத்தை உடைக்கப் பொற்கொல்லன் களவு நூலையெல்லாம் எடுத்து விரித்துப் பேசவேண்டியிருந்தது. கடைசியில் கல்லாக் களிமகன் ஒருவன் வாளை வீசினான். படிப்பறியாக் காவலருக்குத் தோன்றிய ஐயம் பாண்டிய வேந்தனுக்குத் தோன்றவில்லை. அதை நான் எளிதில் மன்னிக்க மாட்டேன். மாறன்குடி அவர்கள் அதை 'அரை நொடி மறதி' என்று சுருக்குவதும் எனக்கு வருத்தமாக இருக்கிறது.

மாறன்குடி

கூடல்வாசி அம்மா, உங்கள் கோபம் நியாயமானது. அதோடு அது என் வாதத்தை வலுப்படுத்தவே செய்கிறது. ஊழ் அவன் பிழையை அழித்துவிடவில்லை என்பதில் நாம் ஒன்றுபடுகிறோம். முன்பு எழுதுவதாகச் சொன்னதை இப்போது எழுதுகிறேன்.

கொலைக்களக் காதையையும் வழக்குரை காதையையும் அடுத்தடுத்து வைத்துப் படியுங்கள். கோவலனுக்கு நடந்திருக்க வேண்டிய விசாரணை ஒன்று விடாமல் கண்ணகிக்கு நடக்கிறது. வாயிலோன் வந்து, கையில் ஒற்றைச் சிலம்போடு கணவனை இழந்த ஒருத்தி நிற்கிறாள், கொற்றவையோ காளியோ என்று அஞ்சும்படி சினந்திருக்கிறாள் என்று நடுங்கிச் சொல்கிறான். அரசன் ஏன், எதற்கு என்று கேட்கவில்லை. 'வருக மற்றவள் தருக ஈங்கென' உடனே அழைக்கிறான். உன் கணவன் எங்கே என்று மிரட்டவில்லை. 'நீர்வார் கண்ணை எம்முன் வந்தோய் யாரை யோநீ' என்று கேட்கிறான். அவள் தன் ஊரையும் குலத்தையும் கணவன் பெயரையும் கொலையையும் சொல்லும் வரை குறுக்கே பேசாமல் கேட்கிறான். கள்வனைக் கொல்வது கொடுங்கோல் அன்று என்று தன் நிலையையும் ஒளிக்காமல் சொல்கிறான். அவள் தன் சிலம்புக்குள் இட்ட பரல் மாணிக்கம் என்றதும் அவன் சொல்லும் விடைதான் காப்பியம் முழுவதிலும் என்னை மிகவும் உலுக்குவது: 'தேமொழி யுரைத்தது செவ்வை நல்மொழி யாமுடைச் சிலம்பு முத்துடை அரியே.'

இந்தச் சான்றை அவனிடமிருந்து யாரும் கறந்து எடுக்கவில்லை. தன் சிலம்பின் பரல் முத்து என்பதை அவன் சொல்லாமல் இருந்திருக்கலாம். அமைச்சரைக் கலந்துகொண்டு பதில் சொல்வதாக அவையைக் கலைத்திருக்கலாம். சிலம்பை வரவழைக்காமலே இருந்திருக்கலாம். அவனே உண்மையைச் சொன்னான். சொன்னவளுடைய சொல்லைச் செவ்விய நன்மொழி என்று பாராட்டினான். கோவலனிடமிருந்து பறித்த சிலம்பைக் கொண்டுவரச் செய்து அவள் முன்னே வைத்தான். தனக்கு எதிரான வழக்கில் தானே சான்று சொல்லி, தானே பொருளைக் காட்டி, தீர்ப்பையும் தானே சொன்னான். அவள் தன் சிலம்பை உடைக்க, மன்னவன் வாய்முதல் மணி தெறித்தபோது 'யானோ அரசன் யானே கள்வன்' என்றது அந்தத் தீர்ப்பு.

கோவலனுடைய மௌனத்தைக் காப்பியம் மறக்கவில்லை என்று நான் சொன்னதன் பொருள் இதுதான். அவன் பேசாத ஒவ்வொரு சொல்லையும் அவன் மனைவி அரசவையில் பேசினாள், அரசன் ஒவ்வொன்றையும் கேட்டான். இவ்வளவு நேர்மையான விசாரணையை நடத்தத் தெரிந்தவன் அன்று ஒருமுறை அதை நடத்தத் தவறினான் என்பதில்தான் துன்பியலே இருக்கிறது. நீதி அறியாதவன் தவறினால் அது கொடுங்கோல் மட்டும்தான்.

ஏட்டுச்சுவடி

மாறன்குடி அவர்களின் இந்தப் பதிவுக்கு இரண்டு செய்திகளைச் சேர்க்க விரும்புகிறேன்.

கண்ணகி தன் ஊரைச் சொல்லும்போது சோழநாட்டு நீதிக்கு இரண்டு சான்றுகளை எடுத்துக்காட்டுகிறாள். ஒன்று, புறாவுக்காகத் தன்னையே தந்த சிபி. மற்றொன்று, கன்றை இழந்த ஆவின் கண்ணீர் நெஞ்சைச் சுடத் தன் அரும்பெறற் புதல்வனைத் தேராழியில் (தேர்ச் சக்கரத்தில்) மடித்தவன். அவளுக்கு அவை புகாரின் பெருமை; பாண்டியனுக்கு அவை அளவுகோல்கள். கன்றுக்கு ஈடாக மகனைத் தந்தவன் கதையைக் கேட்ட சிறிது நேரத்தில், பாண்டியன் ஒரு வணிகனுக்கு ஈடாகத் தன்னையே தருகிறான். அவள் சொன்ன இரு கதைகளும் அவனிடத்தில் ஒன்றாகச் சேர்ந்துவிட்டன என்றே எனக்குத் தோன்றுகிறது.

அடுத்தது மதுராபதியின் சொல். நாவில் வழங்கும் மறை ஓசை அல்லாமல் முறைவேண்டுவோர் அடிக்கும் மணியின் நா ஓசையை இவன் கேட்டதே இல்லை என்று தெய்வம் அரசனைப் பாராட்டுகிறது. ஆராய்ச்சி மணி ஒலிக்கத் தேவையே இல்லாத ஆட்சி அது. அப்படிப்பட்ட ஆட்சியில் கோவலனுக்கு நேர்ந்த குறையில் மணியை அடிக்க யாருக்கும் நேரம் கிடைக்கவில்லை. அதே காதையில், கள்வர் என்று பழிசுமத்தப்பட்டுச் சிறையிடப்பட்ட வார்த்திகன் கதையும் வருகிறது. கொற்றவை கோயில் கதவு திறக்காமல் போகவே பிழை தெரியவந்து, அவனை விடுவித்து, திருத்தங்காலும் வயலூரும் தந்து, பாண்டியன் அவன் முன்னே நிலத்தில் வீழ்ந்து வணங்கினான். சிறை என்றால் திறந்துவிடலாம், நிலம் தரலாம், பொறுத்தருள்க என்று வீழ்ந்து வணங்கலாம். கோவலன் விஷயத்தில் அந்த வழி எதுவும் மிச்சமில்லை.

காவிரிக்கரை

இவ்வளவையும் படித்தபின் பாண்டியனின் பெருமையை மறுக்க எனக்கு விருப்பமில்லை. கோவலனை விட்டு நான் நகரவும் இல்லை. இருவருக்கும் இடம் உண்டு என்றே எண்ணுகிறேன். வழக்குரை காதையின் இறுதியிலுள்ள வெண்பாவை மட்டும் இங்கே நினைவூட்டுகிறேன். மெய்யிற் பொடியும், விரித்த கருங்குழலும், கையில் தனிச்சிலம்பும், கண்ணீரும் வையைக்கோன் 'கண்டளவே தோற்றான்', அவள் சொல்லைச் செவியில் 'உண்டளவே தோற்றான் உயிர்' என்கிறது அது. சிலம்பு உடைவதற்கு முன்பே, அவளைக் கண்ட அளவிலேயே அவன் உள்ளூரத் தோற்றுவிட்டான் என்று அந்த வெண்பா கொள்கிறது. ஏட்டுச்சுவடி ஐயா இதை எப்படிக் கொள்வார் என்று அறிய ஆவல்.

ஏட்டுச்சுவடி

நான் அப்படியே கொள்கிறேன். நல்லவனுக்கே அப்படித் தோற்க முடியும். சான்று வருமுன்னரே அவன் நெஞ்சு தன்மேல் ஐயம் கொண்டுவிட்டது. அதனால்தான் தன் சிலம்பின் பரலைப் பற்றிய உண்மை அவ்வளவு எளிதாக அவன் வாயில் வந்தது.

கூடல்வாசி

மாறன்குடி அவர்களின் மூன்றாம் பதிவு என் எண்ணத்தை ஓரளவு மாற்றியது. அதை மறைக்க விரும்பவில்லை. ஆனால் அரசனின் சாவைப் பற்றி ஒரு கேள்வி பாக்கி இருக்கிறது.

'கெடுகவென் ஆயுள்' என்று சொல்லி அவன் வீழ்ந்துவிட்டான். கணவனை இழந்தோர்க்குக் காட்டுவது எதுவும் இல்லை என்று கோப்பெருந்தேவியும் அவன் அடி தொழுது வீழ்ந்தாள். அதன்பின் என்ன நடந்தது? குற்றம் செய்த பொற்கொல்லனை விசாரிக்க யாரும் இல்லை. 'கரந்தியான் கொண்ட காலணி' என்று தன் நெஞ்சுக்குள் ஒப்புக்கொண்ட அந்த ஒருவனை அவைக்கு இழுத்துவர யாரும் இல்லை. நகரம் எரிந்தது. கொற்கையிலிருந்த பாண்டியர் குடியினன் வெற்றிவேற் செழியன் பொற்கொல்லர் ஆயிரவரைக் கொன்று களவேள்வி (உயிர்ப்பலி வேள்வி) செய்து சாந்தி செய்தான் என்று காப்பியத்தின் முன்னுள்ள உரைநடைப் பகுதியான உரைபெறு கட்டுரை சொல்கிறது. ஒருவன் செய்த குற்றத்துக்கு ஆயிரம் பேர். அந்த ஆயிரவரில் எத்தனை பேரை 'ஓர்ந்து' கொன்றார்கள்? தேராமல் கொன்ற ஒரு கொலைக்குக் கழுவாயாகத் தேராமல் ஆயிரம் கொலைகள் நடந்தன. நெடுஞ்செழியன் உயிரோடு இருந்து, அந்தப் பொற்கொல்லனை முறைப்படி விசாரித்துத் தண்டித்துவிட்டு, பிறகு தன் ஆயுளை முடித்திருந்தால் அதுவல்லவா செங்கோல்? மானம் பெரிது என்று எண்ணி வீழ்ந்தவனை நாம் கொண்டாடும்போது, அந்த ஆயிரம் குடும்பங்களை மறந்துவிடுகிறோம்.

பொதிகைச்சாரல்

இந்தக் கேள்விக்கு ஊழ் பதில் சொல்லாது என்பதை நானும் உணர்கிறேன். மாறன்குடி அவர்கள்தான் சொல்லவேண்டும்.

மாறன்குடி

கூடல்வாசி அம்மா எழுப்பியதைப் போன்ற கடினமான கேள்வியை நான் இதுவரை எந்த உரையிலும் சந்தித்ததில்லை. என்னால் இயன்ற அளவு பதில் சொல்கிறேன்.

அவன் வீழ்ந்ததை மானத்துக்காக எடுத்த முடிவாக நான் படிக்கவில்லை. அடிகள் 'மன்னவன் மயங்கிவீழ்ந் தனனே' என்கிறார். வாளெடுத்துத் தன்னைக் குத்திக்கொள்ளவில்லை, வடக்கிருந்து உண்ணாமல் உயிர்விடவில்லை. புகழையும் பழியையும் கணக்குப் பார்த்து உயிர்விடுவதற்கான பொழுதே அங்கு இல்லை. 'மன்பதை காக்கும் தென்புலம் காவல் என்முதற் பிழைத்தது' என்ற அறிவு வந்ததும் உடம்பு தாங்கவில்லை. அதற்கு உயர்ந்த பொருள் கொடுத்தவர்கள் பின்னால் வந்தவர்கள். நடந்ததைப் புலவர் சாத்தனார் சொல்லக் கேட்ட சேரன் செங்குட்டுவன், வல்வினை வளைத்த கோலை மன்னவனின் செல்லுயிர் நிமிர்த்துச் செங்கோல் ஆக்கியது என்றான். அழற்படு காதையின் தொடக்கமும் வளைந்த கோலுக்கு 'உயிராணி கொடுத்து' அவன் நிமிர்த்தியதாகச் சொல்கிறது. செங்குட்டுவன் அதே மூச்சில், மன்பதை காக்கும் நன்குடியில் பிறத்தல் 'துன்ப மல்லது தொழுதகவு இல்' என்றும் சொன்னான் என்பதை மறக்கக்கூடாது. மழை பொய்த்தால் அச்சம், உயிர்கள் பிழைபட்டால் பேரச்சம் என்று அடுக்கிவிட்டு அவன் அதைச் சொல்கிறான். பாண்டியனின் சாவைக் கேட்ட இன்னோர் அரசன் அதில் பெருமையைக் கண்ட அளவுக்கு அச்சத்தையும் கண்டான்.

ஆயிரம் பொற்கொல்லர் பற்றி. அதை நெடுஞ்செழியன் கணக்கில் எழுத முடியாது என்று சொல்லித் தப்பித்துக்கொள்ள நான் விரும்பவில்லை. அவன் அவையில் கற்றுக்கொண்டதை அவனுக்குப்பின் வந்தவனிடம் கொடுத்துச்செல்ல அவனுக்கு உயிர் இல்லாமல் போயிற்று. 'பொன்செய் கொல்லன் தன்சொற் கேட்ட' என்று அவன் குற்றத்தைத் தன்மேல் ஏற்றிக்கொண்டான். கேட்ட தான்தான் கள்வன் என்றான், சொன்னவனைக் கள்வன் என்னவில்லை. அவனுக்குப்பின் கொற்கையில் இருந்தவனோ குற்றத்தை முழுவதும் சொன்னவன் குலத்தின்மேல் ஏற்றினான். ஒரே குடியில் அடுத்தடுத்து வந்த இரண்டு அரசர்கள் ஒரே குற்றத்தை இப்படி இரண்டு விதமாகப் பார்த்தார்கள். நெடுஞ்செழியனின் வீழ்ச்சி முழுமையானது என்பதற்கு இதையே நான் சான்றாக வைப்பேன். அவன் அறிந்த உண்மை அவனோடு போய்விட்டது.

கண்ணகி என்ன நினைத்தாள் என்பதும் இருக்கிறது. மதுரையை எரித்தவள் அவள். அரசனை இழிவாகப் பேச அவளுக்கு இருந்த உரிமை வேறு யாருக்கும் இல்லை. வாழ்த்துக் காதையில் தெய்வமாகத் தோன்றி அவள் சொல்வது: 'தென்னவன் தீதிலன் தேவர்கோன் தன்கோயில் நல்விருந் தாயினான் நானவன் தன்மகள்.' தன் கணவனைக் கொல்வித்தவனுக்குத் தன்னை மகள் என்று சொல்லிக்கொள்ளும் பத்தினியை வேறெந்தக் காப்பியத்திலும் நான் கண்டதில்லை. பொற்கொல்லனைப் பற்றியோ, அந்த ஆயிரவரைப் பற்றியோ அவள் அங்கே ஒன்றும் சொல்லவில்லை. ஆகவே கூடல்வாசி அம்மாவின் கேள்வியின் அந்தப் பாதி இன்னும் திறந்தே இருக்கிறது. நீர்ப்படைக் காதையில் இந்தக் களவேள்வி மீண்டும் வரும் இடத்தை ஊன்றிப் படித்தவர்கள் இங்கே வந்து எழுதினால் நன்றாக இருக்கும்.